கனைப்பு இல்லாத குரல்

இங்கே யாராவது வருகிறார்களா அக்கா? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன்.

முன்னால் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. காலி இல்லை. அதில் ஒரு பை உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் துணிப்பை. எங்கள் வீட்டுப் பைதான், வைத்தது எங்கள் அம்மாதான். அதோ, பச்சைப் புடவை. அந்த இரண்டு சீட்டிலும் இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பெண்கள். எல்லாரும் போகிற இடமும் நான் போகிற இடமும் ஒன்றுதான். ஆனால் என்னோடு யாரும் பேச மாட்டார்கள். காலையில் அம்மா, "பஸ்ஸு எட்டு மணிக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் வரவில்லை, நான் வந்திருக்கிறேன்.

"உள்ள போ, உள்ள போ, கம்பியப் புடிச்சிக்கிட்டே தூங்காத, ஏறு ஏறு ஏறு, ரைட்டேய்!"

திரும்பாதீர்கள், கண்டக்டர் இல்லை. நான்தான். டிரைவரே கியரை மாற்றிவிட்டார் பார்த்தீர்களா? எனக்கு எல்லாக் குரலும் வரும். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், ரேஷன் கடைக்காரர், செய்தி வாசிக்கிற பெண், ஸ்டார்ட் ஆகாமல் முக்குகிற ஆயில் எஞ்சின், எது வேண்டும் சொல்லுங்கள். கருமாதி வீட்டில் செத்தவர் குரலில் பேசி, அவர் மனைவியைச் சிரிக்க வைத்திருக்கிறேன். "ஒனக்குன்னு சொந்தமா ஒரு கொரலு இல்லையாடி?" என்று அம்மா கேட்பாள். அது என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பெயரா? இலக்கியா. பிளஸ் ஒன். ஊர் உப்பங்குடி. கடலுக்கு மேற்கே, இறால் பண்ணைகளுக்கும் மேற்கே. ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்றைக்கு விசாரணை. அங்கே என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அன்றைக்கு மைக்கில் பேசியது யார் குரல்? அவ்வளவுதான். அதற்கு நான் சொல்லப் போகிற பதிலுக்காகத்தான் முன்னால் இத்தனை பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் வெளியூர். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவி தையல்நாயகி அத்தை. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, தெருவில் எல்லாருக்கும் அத்தை. தலைவியாவதற்கு முன்னால் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர். வயலின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் குனிந்திருக்கிறவள் நிமிர வேண்டும், அப்படி ஒரு குரல். பெண்களுக்கு என்று ஒதுக்கின தேர்தலில் பழைய தலைவர் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் மனைவி படம் தீப்பெட்டி அளவு, அவர் படம் கதவு அளவு. அத்தைக்குப் போஸ்டரே இல்லை. வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கூப்பிட்டார். ஜெயித்துவிட்டார்.

ஜெயித்ததும் செய்த முதல் வேலை, மைக்கைத் திறந்துவிட்டது. ஆபீசில் ஒரு மைக் செட் உண்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் குழாய் ஸ்பீக்கர் உண்டு. பழைய தலைவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். அத்தை பூட்டை எடுத்துவிட்டார். "மாடு காணாப் போனாலும் மைக்குல சொல்லுங்க, மகளுக்குப் புள்ள பொறந்தாலும் மைக்குல சொல்லுங்க. ஊரு மைக்கு, ஊரு பேசட்டும்" என்றார். கிராம சபையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார், நடவு முடிந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டு வருகிற நேரத்துக்கு. ஆண்கள் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருப்பார்கள். எங்கே என்று கேட்காதீர்கள்.

பெரிய வேலை மதகுதான். இறாலைப் பிடித்து முடித்ததும் பண்ணைக்காரர்கள் குட்டைத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கறுப்பாக, நுரையாக, கெட்டுப்போன முட்டை நாற்றத்தோடு வரும். அது சுற்றிக்கொண்டு கடலுக்குப் போக ஒரு வடிகால் இருக்கிறது. ஆனால் அதில் மெதுவாகத்தான் போகும். எங்கள் மதகின் ஷட்டரைத் தூக்கிவிட்டால் ஊர் வாய்க்கால் வழியாகச் சீக்கிரம் ஓடிவிடும். ஓடி எங்கே சேரும்? எங்கள் குளத்தில். நாங்கள் குடிக்கிற குளத்தில்.

அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தார். பண்ணை ஆட்கள் மதகுப் பக்கம் வருவது தெரிந்தால் மைக்கில் கூப்பிடுவார். பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு காலிக் குடத்தோடு போய், குடத்தைக் கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷட்டர் சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை கிடையாது, கோஷம் கிடையாது. பேன் பார்ப்பார்கள், கீரை ஆய்வார்கள், மருமகளைத் திட்டுவார்கள். கவிழ்த்த குடத்தைத் தாண்டி எந்த ஆம்பிளையும் வர மாட்டான். வந்தால் இத்தனை பொம்பளைகளில் யாரைத் தொட்டு நகர்த்துவது? தொட்டால் கேஸ். மூன்று வருஷம் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு எங்கள் குளத்துக்கு வரவில்லை.

அத்தை கூப்பிடுவது எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் மைக்கை நகத்தால் தட்டுவார். டக் டக். அப்புறம் ஒரு கனைப்பு. "ம்ஹ்ஹூம்." அப்புறம் மூக்கில் ஏறி ஒரு இழுப்பு. "நாந்தான் தையல்நாயகி பேசுறேஏஏன். தாய்மாருங்க எல்லாம் கொடத்த எடுத்துக்கிட்டு மதகுக்கு வாங்கோஓஓ."

நீங்களே சிரிக்கிறீர்கள் பார்த்தீர்களா. பார்க்காத ஆளுக்கே சிரிப்பு வருகிறது என்றால், பார்த்த ஊர் எப்படிச் சிரித்திருக்கும்?

முதல் தடவை சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தேன். மைக் திறந்துதானே இருக்கிறது. தட்டினேன், கனைத்தேன், இழுத்தேன். ஐயோ, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாவுக் கையோடு ஒருத்தி, பாதித் தலை சீவின ஒருத்தி, குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடுகிறார்கள். மதகில் யாருமே இல்லை, ஒரு கொக்கு மட்டும் நிற்கிறது. அவர்களோடு சேர்ந்து அத்தையும் ஓடி வந்திருக்கிறார்! தன் குரலைக் கேட்டுத் தானே ஓடி வந்த ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

என்னைப் பிடித்துவிட்டார்கள். சரோஜா சித்தி காதைத் திருகினார். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏண்டி, நான் இப்புடியா மூக்கால பேசுறேன்?" என்றார்.

"ஆமா அத்தை."

"இன்னொரு தடவை பேசிக் காட்டு."

பேசினேன். அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் முழுசாகச் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"மைக்கப் பூட்டி வைங்க தலைவி" என்று பெண்கள் எல்லாரும் சொன்னார்கள்.

"பூட்டுனா பழைய தலைவருக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்? சின்னப் புள்ள. ரெண்டு தடவை பேசும், அலுத்துப் போயிடும்."

எனக்கு எங்கே அலுக்கிறது? அதற்கப்புறம்தான் நான் பிரபலம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்கே போனாலும், "இலக்கியா, தலைவி பேசு." தலைவி மாதிரியே பாட்டுப் பாடினேன், தலைவி மாதிரியே கிரிக்கெட் கமெண்ட்ரி சொன்னேன். "நாந்தான் தையல்நாயகி பேசுறேஏஏன், ஒரு சிக்ஸர் அடிச்சிருக்காங்கோஓஓ." சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துத் தலைவி மாதிரிப் பேச ஆரம்பித்தன. கிராம சபையில் அத்தை எழுந்து ஒரு கனைப்புக் கனைத்தால் போதும், பின்வரிசை சிரித்துவிடும். ஒருநாள் அத்தை குளத்துத் தண்ணீரைப் பற்றி ஏதோ சோதனை முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறார், கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. சும்மா ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர்களாகச் சிரித்தார்கள்.

என் திறமையை முதலில் புரிந்துகொண்டவர் ஜெயசீலன் சார்தான். பண்ணை மேனேஜர். எல்லாரும் அவரை ஒரு மாதிரிப் பேசுவார்கள், எனக்கென்னவோ நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். டீக்கடையில் என்னைக் கூப்பிட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, "பாப்பா, அந்தம்மா மாதிரி ஒரு தடவ பேசும்மா" என்பார். மெதுவான குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் தடவிக் கொடுக்கிற மாதிரி. போனில் பிடித்துப் பண்ணையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார். "டிவியில எனக்கு ஆள் இருக்காங்க பாப்பா, ஒன்னய சேத்துவிடுறேன். ஆனா விடாம பழகணும். அப்பப்ப மைக்குல போடணும். கூட்டத்துக்கு முன்னாடி பழகுனாத்தான் கலை வரும்." அவர் சொன்னதால் அப்பப்போ போட்டேன். சில நாள் அவரே, "இன்னைக்குப் போடு பாப்பா" என்பார்.

இரண்டாவது தடவையும் பெண்கள் ஓடினார்கள். மூன்றாவது தடவை பாதிப் பேர். அப்புறம் வாசலில் நின்று சத்தம் போட்டு, "இலக்கியாவா, தலைவியா?" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். அத்தை ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. "ஒனக்கு எந்தக் கொரலு வேணும்னாலும் எடுத்துக்க. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் எனக்கு விட்டுடு. மதகுக்கு வாங்கங்கிறத மட்டும்" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். அப்புறம் நான் பேசவே இல்லை. சத்தியமாக. வேறு பிள்ளைகள் பேசியிருக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய?

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும்.

அன்றைக்கு ரேஷன் கடையில் பச்சரிசி போட்டார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் நானும் கூட நின்றேன். கடைக்காரர் குரலில், "சர்வரு டவுனும்மா, கைரேக விழலம்மா, நாளைக்கு வாம்மா" என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது தொட்டி ஸ்பீக்கர் கரகரத்தது.

தட்டல் இல்லை. கனைப்பு இல்லை. நாந்தான் தையல்நாயகி இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் ஒரு மெல்லிசான குரல், நடுவில் உடைந்து உடைந்து. என்னவோ தள்ளுகிறார்கள், தூக்குகிறார்கள் என்று. வாங்க வாங்க என்று. பட்டென்று நின்றுபோனது.

வரிசையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்து எதைப் பார்த்தார்கள் தெரியுமா? தொட்டியை இல்லை. என்னை.

"நீ இங்கதானடி நிக்கிற," என்றார் சரோஜா சித்தி. "அப்ப மைக்குல யாரு?"

"தலைவியா இருக்குமோ?" என்றாள் அம்மா. அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

என்னைக் கேட்டார்கள் அக்கா. நானாகப் போய்ச் சொல்லவில்லை. இத்தனை பெரியவர்கள், அத்தையோடு வயலில் வளர்ந்தவர்கள், அத்தை குரல் எது என்று என்னைக் கேட்டார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அத்தை கனைக்காமப் பேசவே மாட்டாங்க. இழுப்பும் இல்ல. இது அத்தை இல்ல, யாரோ கத்துக்குட்டி. சுத்தமா வரல" என்றேன். மார்க் கூடப் போட்டேன், பத்துக்கு இரண்டு. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பையை மறுபடி எடுத்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தது.

சொல்லுங்கள், இதில் நான் சொன்னது எது பொய்?

அரிசி வாங்கிக்கொண்டு வருகிறோம், குளத்துப் பக்கம் நாற்றம். வாய்க்காலில் கறுப்பாக நுரைத்துக்கொண்டு தண்ணீர். அப்போதுதான் ஓடினார்கள். ஷட்டர் முழுசாகத் தூக்கியிருந்தது. பண்ணை ஆட்கள் யாரும் இல்லை. கரையில் ஒரே ஒரு குடம் கவிழ்த்திருந்தது. நீலப் பிளாஸ்டிக் குடம், அத்தையுடையது. மதகுக்குக் கீழே கருங்கல்லில் அத்தை கிடந்தார். இடுப்பு வரைக்கும் அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கழுத்திலும் மண்டையிலும் அடி. சக்கரத்தின் கம்பியில் ஒரு புடவைத் துண்டு மாட்டியிருந்தது.

என்ன நடந்தது என்று பிறகு எல்லாரும் கூடிப் பேசிப் பேசித்தான் தெரிந்தது. முதலில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எழுந்து ஆபீசுக்கு ஓடிவந்து மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டு, நிற்காமல் திரும்ப மதகுக்கே ஓடியிருக்கிறார். குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் தனியாகச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தனியாக ஏன் போக வேண்டும்? பின்னாலேயே எல்லாரும் வருவார்கள் என்று நினைத்திருப்பார். அதுதான் எனக்குப் புரியவில்லை, இவ்வளவு நடந்த பிறகும் எப்படி நினைத்தார் என்று.

ஆஸ்பத்திரிக்கு நானும் ஒரு தடவை போனேன். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பேச்சு இல்லை. சில நாள் ஆள் தெரியும், சில நாள் தெரியாது. சிரிக்க வைக்கலாம் என்று, பக்கத்தில் குனிந்து, "ம்ஹ்ஹூம், நாந்தான் தையல்நாயகி பேசுறேஏஏன்" என்றேன். அத்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். தலையை ஆட்டினார், இப்படி, இல்லை என்கிற மாதிரி. வேண்டாம் என்றாரா, அப்படி இல்லை என்றாரா, தெரியவில்லை. கையைத் தூக்கி என் கழுத்தைத் தொட்டார். சில்லென்று இருந்தது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் செத்துப்போனார்.

துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்ததும் மைக்கைப் பூட்டிவிட்டார். கேட்டால், "அந்தப் புள்ளயாலதான்" என்று என்னைக் காட்டுகிறார். குளத்தில் மீன் எல்லாம் வெள்ளையாக மிதந்தது. இப்போது தண்ணீர் லாரியில் வருகிறது, வந்தால் உண்டு. சரோஜா சித்தி என் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிரித்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், சிரிக்க வைத்தவள் மட்டும் கெட்டவளா?

பண்ணைத் தரப்பு என்ன சொல்கிறது தெரியுமா? யாரும் தள்ளவில்லையாம். ஆட்கள் யாருமே அங்கே போகவில்லையாம். அந்தம்மாவே ஷட்டரைத் தொட்டு வழுக்கி விழுந்ததாம். மைக்கில் கேட்டது யாரோ பிள்ளைகள் செய்கிற மிமிக்ரியாம், ஊருக்கே தெரியுமாம், என் குரலைப் பிடித்த போனே சாட்சியாம். போலீஸ் எங்கள் பெண்களைக் கேட்டபோது அவர்களும் நடந்ததைத்தான் சொன்னார்கள், அது தலைவி குரல் இல்லை என்று இலக்கியா சொன்னாள், நாங்கள் நம்பினோம் என்று. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் இவர்கள் எல்லாரும் போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் குடத்தைக் கவிழ்த்து உட்கார்ந்து, இந்த விசாரணையை வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று ஜெயசீலன் சார் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார். அதே மெதுவான குரல். "பாப்பா, நான் பொய் சொல்லச் சொல்லல. நீ கலைஞி. அது அந்தம்மா கொரல் இல்லன்னு ஒனக்கே தெரியும். தெரிஞ்சதச் சொல்லு, போதும். டிவிக்காரங்க அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

அவர் சொல்வதில் என்ன தப்பு? கனைப்பு இல்லை. இழுப்பு இல்லை. அத்தை குரல் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், அன்றைக்கு வரிசையில் நான் சொன்னது என்ன ஆகும்?

என்ன அக்கா? அந்தக் கடைசிக் குரல் எப்படி இருந்தது என்றா கேட்கிறீர்கள்?

அதை நான் பேசிப் பார்த்ததில்லை. எனக்கு எல்லாமே வரும், அது மட்டும்... இல்லை, வராது என்று இல்லை. பத்துக்கு இரண்டு வாங்கின குரலைப் போய் யார் பேசுவார்கள். சரி, கேட்கிறீர்களே என்று. ஒரே ஒரு தடவை. பஸ் நிற்கட்டும், எஞ்சின் சத்தத்தில் எடுபடாது.

இருங்கள். தட்டக் கூடாது. கனைக்கக் கூடாது. மூச்சுதான் முதலில்.

"வாங்க... யாராச்சும் வாங்க... என்னத் தள்ளுறானுவ... ஷட்டரத் தூக்குறானுவ... தாயே, வாங்கடி..."

அக்கா.

அக்கா, முன்னால் பாருங்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சரோஜா சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறார். முதலில் எழுந்தது அம்மாதான். முட்டி வலிக்காரி, பை கீழே விழுந்தது கூடத் தெரியாமல் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே தேடுகிறாள்.

அம்மா. உக்காரும்மா. யாரும் இல்ல, நான்தான்.